ஐந்தாவது வரி

சென்ற மாதம், தக்கலையில் நான் வேலை பார்த்த கண் மருத்துவமனைக்கு என் கண்ணைக் காட்டப் போயிருந்தேன். பார்வை சோதிக்கும் அறையில் பழைய கண்ணாடிப் பலகை இல்லை. ஒரு திரை இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் எழுத்துகள் இடம் மாறிக்கொள்கின்றன. நான் இருந்த நாற்காலியில் இப்போது ஜெனிஷா என்ற பெண் இருக்கிறாள். திரையில் எல்லாவற்றையும் வாசிக்க வைத்த பிறகு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். அதில் மூன்று பல் சீப்பு போல ஒரே ஒரு குறி. அதை உள்ளங்கையில் திருப்பித் திருப்பி, "வாய் எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டாள். சொன்னேன்.

"திரையில எல்லாமே மாறுதுல்லா சார், பெறவு இந்த அட்டை என்னத்துக்கு? இது பாக்காம அனுப்பினா டாக்டரம்மா திருப்பி அனுப்புவாங்க. 'கரை கடல் பாத்தியா?'ன்னு கேப்பாங்க. அந்தப் பேரு எங்கேருந்து வந்துதுன்னு கேட்டா இங்க ஒருத்தருக்கும் தெரியல்ல."

எனக்குத் தெரியும். எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது சுற்றுவழியில். அதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு மாலை நாளிதழில் நிருபராக இருந்தேன். பேருந்து விபத்து, கால்வாயில் தண்ணீர் வராத செய்தி, ஊராட்சிக் கூட்டம். பத்திரிகை நின்றுபோனது. மைத்துனர் சொல்லித் திருவனந்தபுரத்தில் கண் பரிசோதனைப் பயிற்சி பெற்றேன். உடன் படித்தவர்களுக்கெல்லாம் என் வயதில் பாதி. 2004இல் தக்கலையில் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. பத்திரிகையில் இருந்து கூடவே வந்தது ஒரு பழக்கம்: ஒருவர் சொன்னதை அவருடைய சொல்லிலேயே எழுதி, 'என்று கூறினார்' என்று முடிப்பது. பார்வைத் தாளில் 'கூறினார்' எழுத இடம் கிடையாது. கட்டத்துக்குள் எண் மட்டுந்தான்.

எங்களிடம் வந்தவர்களில் ஒரு பகுதியினர் விழித்திரை நரம்பு அடைப்புக்காரர்கள். பேச்சில் நரம்பு என்கிறோம். உண்மையில் அது ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரை. வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்க, வடிகால் மட்டும் அடைபட்டால் என்ன ஆகும்? வயல் ஊறிப்போகும். விழித்திரையும் அப்படித்தான் ஊறி வீங்குகிறது. வலி இருக்காது. ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ள ஒருவர் காலையில் எழுந்து பார்க்கும்போது, ஒரு கண்ணில் நடுப்பகுதி மட்டும் புகை படிந்ததுபோல் இருக்கும். நேராக நிற்கும் தூண் வளைந்து தெரியும். பலர் மறு கண்ணை வைத்துச் சில வாரங்கள் ஓட்டிவிட்டுத்தான் வருவார்கள்.

நான் சேர்ந்த தொடக்கத்தில் அந்த வீக்கத்துக்குக் கண்ணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வீக்கம் வற்றும். சிலருக்கு அதனாலேயே கண்ணின் அழுத்தம் ஏறும், புரை வளரும். பூதப்பாண்டிப் பக்கம் ஒரு நெல் ஊரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர் ஒருவரை நினைவிருக்கிறது. ஊசிக்குப் பிறகு பேப்பர் வாசிக்க முடிந்த மகிழ்ச்சியில், சொன்ன தேதிக்கு வரவில்லை. ஒரு நாள் வந்து நின்று, "விளக்கப் பாத்தா சுத்தி வட்டம் வட்டமா இருக்கு, சாமி படத்துல உள்ளதுபோல. நல்லதுக்குத்தானே?" என்றார். அழுத்தம் ஏறியிருந்தது. சொட்டு மருந்துகளால் இறக்கினார்கள்.

பிறகு, பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒரு மருந்தை மிகச் சிறு அளவாகப் பிரித்துக் கண்ணில் போடும் வழக்கம் வந்தது. அழுத்தம் ஏறும் தொல்லை இதில் குறைவு. ஆனால் ஒரு ஊசியில் முடியாது; மீண்டும் மீண்டும் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊசி கண்ணுக்குள் போகிறது என்பதால் ஒவ்வொரு முறையும் கிருமி போகவும் வாய்ப்பிருக்கிறது. திருவட்டாற்றிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு அது நடந்தது. கண் சிவந்து வலித்தபோதும், கோயில் திருவிழா முடியட்டும் என்று பொறுத்திருந்து வந்தார். உள்ளிருந்த நீரை எடுத்துக் கிருமிக்கொல்லி மருந்து போட்டு, பார்வையில் ஒரு பங்கை மீட்க முடிந்தது.

இவர்களையெல்லாம் பார்த்தவர் டாக்டர் வத்சலா. களியக்காவிளைக்கு அப்பால் பிறந்தவர். தமிழ் பேசும்போது மலையாளம் இடையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நோயாளியிடம் 'வலிக்காது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "ஒரு அமுக்கம் தெரியும். அனங்கண்டா," என்பார். அசையாதே என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது.

அவர் ஊசி போடும் முறையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் மரத்துப்போக மருந்து. பிறகு இமையிலும் கண்ணிலும் பழுப்பு நிற அயோடின் கரைசல். அது விழுந்ததும் உடனே தொடங்க மாட்டார். கைகளை நெஞ்சுக்கு நேராக உயர்த்திப் பிடித்தபடி அசையாமல் நிற்பார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. "மருந்து அதுக்க வேலைய செய்யட்டு," என்று பயிற்சிக்கு வந்த ஒரு மருத்துவரிடம் ஒருமுறை சொன்னார். பிறகு இமைகளை விரித்துப் பிடிக்கும் கம்பி. கருவிழியின் ஓரத்திலிருந்து நான்கு மில்லிமீட்டரை அளவுகோலால் குறித்து, அங்கே ஊசி. மருந்து போவது ஒரு நொடி. ஊசி வெளியே வந்த இடத்தைப் பஞ்சுமுனையால் அழுத்திக்கொண்டே மறு கையின் விரல்களை நோயாளியின் முகத்துக்கு மேலே காட்டுவார்.

"எத்தர விரல்?"

இது சம்பிரதாயம் அல்ல. அடைத்த பாத்திரத்தில் இன்னொரு துளி சேர்த்தால் உள்ளே நெருக்கம் கூடும். நெருக்கம் அளவு மீறினால் கண்ணுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியே மூடிக்கொள்ளும். நோயாளி விரலை எண்ணிவிட்டால் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். எதுவும் தெரியவில்லை என்றால் உடனே ஒரு நுண்ணிய ஊசியால் கண்ணின் முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் நீரை வெளியே விட வேண்டும். தாமதித்தால் பார்வை திரும்பாது. டாக்டர் ஒருபோதும் இரண்டு விரல் காட்ட மாட்டார். விரல் தெரியாதவர்கள் எல்லாரும் இரண்டு என்றுதான் சொல்வார்கள் என்பது அவர் கண்டறிந்தது.

சிலுவைப்பிச்சை எங்களிடம் வந்தது ஒரு கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில். தேங்காப்பட்டணத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். வயது அறுபதுக்கு மேல். அகன்ற மார்பு, கழுத்தில் கறுத்த கயிற்றில் ஒரு சிலுவை. உடன் வந்தவள் மகள் புஷ்பம், மீன் விற்பவள். அவருடைய இடது கண்ணைச் சிறு வயதில் தூண்டில் முள் கிழித்துவிட்டது; வெளிச்சம் மட்டுந்தான் தெரியும். இத்தனை காலமும் கடலுக்குப் போனது வலது கண்ணை வைத்து. அந்தக் கண்ணில்தான் இப்போது அடைப்பு.

"கோயில் கோபுரம் வளைஞ்சு நிக்கி டாக்டரே," என்றார். "நானும் பங்குச் சாமியாருட்ட போய்ச் சொன்னேன். அவரு ஏணி வச்சு ஏறிப் பாத்துட்டாரு, பாவம்."

அவருக்கு எழுத்து தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு எங்களிடம் சீப்புக் குறிப் பலகை இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரியும். மேலே பெரிய குறி, கீழே போகப்போகச் சிறியவை. ஒவ்வொரு குறியையும் கோலால் தட்டி, வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கேட்பேன். மற்றவர்கள் கையைக் காட்டுவார்கள், அல்லது மேலே, கீழே என்பார்கள். இவர் மேலே என்பதற்குக் கரை என்றார். கீழே என்றால் கடல். வலம் கெழக்கு, இடம் மேக்கு. அவருடைய ஊரில் கடலைப் பின்னால் விட்டு ஊரைப் பார்த்து நின்றால் திசைகள் அப்படித்தான் அமையும். நான் திருத்தவில்லை. முதல் நாள் அவரால் மேலிருந்த ஒரே குறியைத்தான் சொல்ல முடிந்தது. "கரை," என்று சொல்லிவிட்டு, "பெறவு மூடல் மஞ்சு," என்றார்; பனிமூட்டம் என்று பொருள்.

ஊசி அவருக்கு நன்றாகவே வேலை செய்தது. முதல் ஊசிக்குப் பிறகு மூன்றாவது வரிக்கு இறங்கினார். இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஐந்தாவது வரியை ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார். புஷ்பம் அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "நல்லா வாசிச்சீங்க எப்பா," என்றாள், பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் வாங்கிய பிள்ளையிடம் சொல்வதுபோல. அவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வளைந்த கோபுரம் நிமிர்ந்துவிட்டதாக டாக்டரிடம் சொன்னார். அன்றைக்கே கேட்டுவிட்டார்.

"அப்பம் நான் எப்பம் கடல்ல போலாம்?"

டாக்டர் நோயாளிகளிடம் பேரம் பேசுவார். அது அவருடைய முறை. சர்க்கரை குறைந்தால் கல்யாணத்துக்குப் போகலாம், சொட்டு மருந்து விடாமல் போட்டால் வண்டி ஓட்டலாம். யாரையும் மறுத்து அனுப்புவதில்லை. ஒரு நிபந்தனை வைத்து அனுப்புவார். அன்றும் வைத்தார்.

"அண்ணனுக்கு உள்ளது ஒரு கண்ணு. வீக்கம் திரும்பி வரும், அதுக்க குணம் அது. இப்போ ஊசி வேண்டா, மாசாமாசம் வந்து காட்டணும். அஞ்சாவது வரி விடாம வாசிக்கணும். ஆனி பிறக்கும்போதும் வாசிச்சா நானே உங்கள கடலுக்கு விடும்."

ஆனியும் ஆடியும் மேற்குக் கரைக்காரர்களுக்கு மீன் கிடைக்கும் மாதங்கள். அலை மூர்க்கமாக இருக்கும் மாதங்களும் அவைதான்.

அடுத்து நடந்ததில் புதிர் ஒன்றும் இல்லை. டாக்டரின் தாயாருக்கு உடல்நலம் மோசமாகி, அவர் சில மாதங்கள் விடுப்பில் போனார். அவருக்குப் பதிலாக வாரம் ஒருமுறை ஒரு மருத்துவர் வந்தார். கூட்டம் முழுவதையும் ஒரு முற்பகலில் பார்த்து முடிக்க வேண்டும். சிலுவைப்பிச்சை தவறாமல் வந்தார். கோலால் தட்டத் தட்ட, கரை, கெழக்கு, கடல், கடல், மேக்கு என்று ஐந்தாவது வரிவரை சொன்னார். நான் எண்ணை எழுதினேன். "நல்லா வாசிச்சீங்க எப்பா," என்றாள் புஷ்பம். மாற்று மருத்துவர் எண்ணைப் பார்த்தார், கண்ணைச் சற்றுப் பார்த்தார், ஊசி வேண்டாம், ஒரு மாதம் கழித்து வரட்டும் என்றார்.

ஆனி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பு டாக்டர் வத்சலா திரும்பி வந்தார். சிலுவைப்பிச்சையும் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. அனுமதி வாங்க வந்தவரின் உடை. படியேறும்போது ஒரு காலை இடித்துக்கொண்டார். "புதுச் செருப்பு," என்றார்.

எங்கள் சோதனை அறை நீளமானது, மின்விசிறி இல்லாதது. ஒரு கோடியில் நாற்காலி, மறு கோடியில் பலகை. பக்கவாட்டு ஜன்னலில் பகல் வெளிச்சம் வரும். நான் கோலால் தட்டத் தொடங்கினேன். அவர் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டு வந்தார். மூன்றாவது வரியின் நடுவில் இருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அந்தக் காலத்தில் அது தினமும் நடப்பது. பலகையின் விளக்கு அணைந்து, கண்ணாடி கறுத்தது. ஜெனரேட்டர் போடட்டும் என்று நான் கோலைத் தாழ்த்தினேன்.

"கடல்," என்றார் சிலுவைப்பிச்சை. "மேக்கு. கரை."

கோல் என் கையில் தாழ்ந்தே இருந்தது. அவர் நான்காவது வரிக்கு இறங்கினார்.

"கெழக்கு. கெழக்கு. கடல்."

"எப்பா," என்றாள் புஷ்பம், "கரண்டு போச்சு."

"போட்டும். நான் வாசிக்கேன்லா."

"எப்பா, பலகையில வெட்டமே இல்ல."

அவர் நிறுத்தினார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். அங்கே வெளிச்சம் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுபடியும் பலகை இருக்கும் பக்கம் திருப்பினார். கண்ணைச் சுருக்கவில்லை, முன்னால் குனியவில்லை. கைகள் மட்டும் நாற்காலியை விட்டு மடிக்கு வந்தன.

நான் போய் டாக்டரை அழைத்துவந்தேன். நடந்ததைச் சொன்னேன்; என் கருத்து எதுவும் சொல்லவில்லை. அவர் ஒரு முக்காலியை இழுத்து, சிலுவைப்பிச்சையின் முழங்காலோடு முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தார். கையை உயர்த்தினார்.

"எத்தர விரல் அண்ணா?"

"ரெண்டு."

டாக்டர் விரல் எதுவும் நீட்டியிருக்கவில்லை. மூடிய முட்டியைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொன்னார். சிலுவைப்பிச்சை கொஞ்சம் சிரித்தார்.

"நீங்க அஞ்சாவது வரின்னு சொன்னீங்க, நான் அஞ்சாவது வரி சொன்னேன். நல்லாத் தெரிஞ்சப்பம் ஒருக்க கண்டதுதான். கடலுக்கடியில பாரை எங்க கிடக்குன்னு ஒருக்க கண்டா நமக்கு மறக்காது. இவரு தட்டுவாரு, நான் சொல்லுவேன்."

"எப்போ தொட்டு தெரியல்ல?"

"ஈஸ்டர் நோம்பு கழிஞ்சதுலேருந்து மங்கல். இப்பம் ஒண்ணும் சரியா இல்ல."

புஷ்பம் சுவரைவிட்டு முன்னால் வந்தாள். அவளுடைய கோபம் அழுகைக்கு மிக அருகில் இருந்தது. "யாருக்க கண்ணுன்னு நெனச்சீங்க? நீங்க வாசிச்சதக் கேட்டு நான் ஊரு முச்சூடும் சொல்லிட்டு நடந்தேன். எதுக்கு எப்பா?"

அவர் டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார். "இவளுக்க மாப்பிள, சேவியரு. கெல்புல ஏசி மெக்கானிக்கா நின்னான். வேலை போயி வந்தாச்சு. இந்த ஆனிக்கு வள்ளத்துல ஏறுகேன்னு நிக்கியான். வள்ளத்த அலைக்குள்ள தள்ளுறதுதான் பாடு. எந்த அலைய விடணும், எதுல தள்ளணும்னு பாக்க ஆளு வேணும். தப்பினா வள்ளம் மறியும். அவனுக்கு ஏசி தெரியும், அலை தெரியாது. நான் கூடப் போனா இவளுக்கு ஒண்ணும் வராது."

"நல்ல வள்ளம்," என்றாள் புஷ்பம். "ஒரு ஆளுக்குக் கண்ணு தெரியாது, ஒரு ஆளுக்குக் கடலு தெரியாது. ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில வச்சு அடக்கம் செய்யலாம்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு சிலுவைப்பிச்சை சிரித்தார். அதற்குப் பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் அவரைத் திட்டவில்லை. எழுந்திருக்கும்போது என்னிடம் மட்டும், "கேள்வித்தாள முன்னாடியே நான் கொடுத்துட்டேன், இல்லியா?" என்றார். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியிருந்தது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போடும் முன்பே அவரை நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்தார். மருந்து போட்டுவிட்டால், டாக்டர் தேடியது தெரியாமல் போகலாம். கண்ணின் மணி ஓரத்தில், புருவ முடியைவிட மெல்லிய சிவப்பு நூல்கள். என்னையும் பார்க்கச் சொன்னார்.

அடைப்பு முற்றி, விழித்திரையின் பெரும் பகுதிக்கு ரத்தம் போகாமலாகிவிட்டால், பட்டினி கிடக்கும் விழித்திரை புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கும். டாக்டர் அவற்றைக் கள்ளக் குழல் என்பார். அவை உதவிக்கு வருவதில்லை. கண்ணின் நீர் வடியும் மூலைக்குப் போய் அதை அடைத்துக்கொள்ளும். அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பார்வை போன பிறகும் வலி போகாது. ஊசி அந்தக் குழல்களை வாட வைக்கும்; அந்த இடைவெளியில் லேசர் போட்டு, அவை மீண்டும் வராமல் செய்ய வேண்டும். சிலுவைப்பிச்சைக்கு அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. மூலை இன்னும் முழுதாக மூடவில்லை.

டாக்டர் இதையெல்லாம் புஷ்பத்தையும் உட்கார வைத்துச் சொன்னார். கடைசியில், "பழைய அஞ்சாவது வரி இனி கிடையாது. மிச்சம் உள்ளதப் பிடிச்சு நிறுத்தலாம். அதுவும் உறுதி சொல்ல மாட்டேன்," என்றார். ஊசியே அழுத்தத்தைக் கூட்டலாம் என்பதையும் மறைக்கவில்லை.

மாத்திரையாலும் சொட்டு மருந்தாலும் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, அன்று பிற்பகலே ஊசி. ஆள் போதாமல் என்னையும் உள்ளே நிற்கச் சொன்னார்கள். அயோடின் விழுந்தது. டாக்டர் கைகளை உயர்த்தி நின்றார். அறை அமைதியானது. அதன் நடுவில் சிலுவைப்பிச்சை துணிக்கடியிலிருந்து, "குருசடியில நிக்கியதுபோல இருக்கே," என்றார்; கடற்கரை ஊர்களில் சிலுவை நட்டு ஜெபிக்கும் இடம் அது. அந்த ஒருமுறை மட்டும் டாக்டர் அந்த அமைதி கலைந்ததற்குக் கோபப்படவில்லை.

தொடங்கும் முன் குனிந்து சொன்னார்: "அண்ணா, ஊசி போட்டதும் நான் விரல் காட்டும். இன்னைக்கு எனக்கு நல்ல பதில் வேண்டா. சரியான பதில் வேணும். தெரிஞ்சா சொல்லுங்க. தெரியல்லன்னா தெரியல்லன்னு சொல்லுங்க. அதக் கேட்டுத்தான் நான் அடுத்தது செய்யும்."

ஊசி போனது. பஞ்சுமுனையை அழுத்தியபடி டாக்டர் கையை அவருடைய முகத்துக்கு மேலே பிடித்தார்.

"எத்தர விரல்?"

சிலுவைப்பிச்சை வாயைத் திறந்தார். 'ரெண்டு' என்ற சொல் அங்கேதான் இருந்திருக்கும். அன்று மூடிய முட்டியைக் காட்டியபோதும் வந்த சொல் அதுதான். அதைச் சொல்லியிருந்தாலும் டாக்டர் நம்பியிருக்க மாட்டார், ஆனால் சரிபார்க்க இன்னொரு கேள்வி, இன்னொரு பதில் என்று நேரம் போயிருக்கும்.

"தெரியல்ல," என்றார் சிலுவைப்பிச்சை. "ஒண்ணும் தெரியல்ல. நல்ல இருட்டு."

டாக்டர் கையை நீட்டினார். நுண்ணிய ஊசி அவருடைய கைக்கு வந்தது. கருவிழியின் ஓரத்தில் அது நுழைந்ததும் ஒரு துளி நீர் மேலே வந்து நின்றது, பிறகு இன்னொன்று. அவர் ஊசியை எடுத்துவிட்டு மறுபடியும் கையை உயர்த்தினார். அவர் எதையும் கேட்கவில்லை. நாங்களும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"என்னமோ அனங்குது," என்றார் சிலுவைப்பிச்சை. "நிழலு போல." பிறகு, "விரலு. மூணு விரலு."

மூன்றுதான்.

டாக்டர், "மதி," என்றார். போதும் என்று பொருள். அவருடைய குரலில் அன்று வேறெதுவும் இல்லை. ஆனால் கைகழுவும் தொட்டியின் முன் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

லேசர் பல தவணைகளாக நடந்தது. வலி இருந்தது, சிலுவைப்பிச்சை ஒவ்வொரு முறையும், "வலிக்கி," என்றே சொன்னார். கள்ளக் குழல்கள் வாடின. அழுத்தம் சொட்டு மருந்துக்கு அடங்கி நின்றது. கண் தப்பியது, பார்வையில் ஒரு சிறு பங்குதான் தப்பியது. கடல் முடிந்துபோனது என்று டாக்டர் இந்த முறை பேரம் பேசாமல் சொன்னார். சிலுவைப்பிச்சை அதைக் கேட்டு, "செரி," என்று மட்டும் சொன்னார். வராந்தாவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். புஷ்பம் வாங்கி வந்த டீ அவருடைய கையிலேயே ஆறிப்போனது.

சேவியர் என்ன ஆனார் என்று அடுத்த தடவை நானே கேட்டேன்.

"அவரா?" என்றாள் புஷ்பம். "கருங்கல் ஜங்ஷன்ல ஒரு கடையில ஃப்ரிட்ஜ் நன்னாக்கப் போறாரு. ஆனி ஆடி கழியாம மணல்ல கால் வச்சா வீட்டுல சோறு இல்லன்னுட்டேன். ஒரு வீட்டுல ஒரு குருட்டுத் தைரியம் போதும்."

"நம்மளத்தான் சொல்லுகா," என்றார் சிலுவைப்பிச்சை என்னிடம், ஏதோ பாராட்டு வாங்கியவர்போல.

அந்த ஆடிக்குள் டாக்டர் அட்டை ஒன்றைச் செய்து வாங்கினார். ஒரே குறி, எந்தப் பக்கமும் திருப்பலாம். மறுபுறம் அதைவிடச் சிறியது ஒன்று. பலகையில் எத்தனை வரி வாசித்தாலும், ஊசிக்காரர்கள் எல்லாரும் அட்டையையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அட்டைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. நாங்கள் கரை கடல் என்று சொல்லத் தொடங்கினோம், அது நிலைத்துவிட்டது.

அட்டையை வைத்து நான் முதலில் சோதித்தவர்களில் சிலுவைப்பிச்சையும் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"கரை," என்றார். கரைதான். திருப்பினேன். "மேக்கு." மேற்குதான். மீண்டும் திருப்பினேன். "கடல்," என்றார், சற்று நேரம் எடுத்துக்கொண்டு.

மறுபுறத்துச் சிறிய குறியைக் காட்டினேன். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறு பக்கம் சாய்த்தார். புஷ்பம் வழக்கம்போல அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. நான் அட்டையை அசைக்காமல் பிடித்திருந்தேன். அவர் எதையும் நினைவிலிருந்து எடுக்கவில்லை; எடுக்க அங்கே எதுவும் இல்லை.

"தெரியல்ல மக்கா," என்றார். அவளுக்கும் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

நான் எண்ணை எழுதினேன்.

"நல்லா வாசிச்சீங்க எப்பா," என்றாள் புஷ்பம்.